பாதிக் குளமும் மேல் பலகையும்

அடையாற்று நீச்சல் குளத்தில் எனக்குப் பின் லைஃப் கார்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதில் எனக்கு இன்னமும் தகராறுதான். சிந்தாதிரிப்பேட்டை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன் நான். குளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் மணியின் மகள் பாதிப் பக்கங்களைத் திருத்திக் கொடுத்தாள். மீதியைத் திருத்துவதற்குள் அவளுக்குப் பரீட்சை வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து பேசியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் பிரிவு உபசாரக் கூட்டத்தில் மாலையைப் போட்டதும் நன்றி சொல்ல எழுந்தேன். 'வரேங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். எழுதுவதுதான் எனக்குச் சரிப்படும்.

முழுகுகிறவனை எப்படிப் பிடிப்பது, வயிற்றுத் தண்ணீரை எப்படி எடுப்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க இப்போது சர்டிபிகேட் வைத்திருக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கரையில் நடப்பதைப் பற்றி. நம் வேலையில் பாதிக்கு மேல் கரையில்தான் நடக்கிறது. அதிலும் பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்குமான பையன்களை வைத்துக்கொண்டு நடக்கிறது. அந்த வயதுப் பையனைப் போல அறிவுகெட்ட ஜந்துவை நான் மிருகக்காட்சி சாலையிலும் பார்த்ததில்லை.

எழுபதாம் வருஷத்துக்குப் பிறகுதான் நம் குளத்துப் பக்கம் கஞ்சா வந்தது. அதற்கு முன்னால் கஞ்சா என்றால் சாமியார்களும் சுமை தூக்குகிறவர்களும் இழுப்பது என்றிருந்தது. பிறகு எலியட்ஸ் பீச் பக்கம் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் அழுக்குத் துணியோடு திரிந்தார்கள். அவர்கள் இழுக்கிறார்கள் என்றதும் நம் ஊர் நல்ல வீட்டுப் பையன்களுக்கு அது கௌரவமாகிவிட்டது. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்குப் பின்னால் ஒரு கிழவனிடம் பொட்டலம் கிடைக்கும். அதே கிழவனைத் தெருவில் பார்த்தால் இந்தப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள்.

இரண்டு பையன்களைச் சொன்னால் போதும்.

ஒருவன் தங்கராஜ். பதினாறு வயது. அவன் அப்பா தெற்குச் சீமையிலிருந்து வந்து தி. நகரில் பெரிய ஜவுளிக் கடை வைத்திருந்தார். தங்கராஜுக்கு எதையும் யோசிக்க நேரம் கிடையாது. குளத்துக்கு வந்த முதல் நாளே, நீச்சல் தெரியாமல், உடுப்பைக் கழற்றிய கையோடு ஆழமான பக்கத்தில் குதித்தான். மூங்கில் கழியை நீட்டி இழுத்துப் போட்டேன். தண்ணீரைத் துப்பிவிட்டு, "இங்க ஆழம்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாஸ்டர்?" என்று என் மேல் பழி போட்டான். நான் பதில் சொல்வதற்குள் மறுபடி குதித்தான். அப்படியே ஒரு மாதத்தில் நீச்சலும் கற்றுக்கொண்டான். நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன்; நான் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நம் மேல் பலகை உங்களுக்குத் தெரியும். ஏணியில் ஏறி, முன்னால் குதித்தவன் ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து, பிறகு குதிக்க வேண்டும். தங்கராஜுக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. கீழே ஒருவன் தலையைத் தூக்கும்போதே இவன் மேலேயிருந்து வருவான். நான் விசில் ஊதினால் மற்றப் பையன்கள் நிற்பார்கள். இவன் விசிலைக் கேட்டதும்தான் குதிப்பான். 'கூடாது' என்கிற சத்தம் அவன் காதில் 'ஒன், டூ, த்ரீ' என்று விழும் போலிருக்கிறது. அவன் காரியத்துக்கெல்லாம் இதே கதைதான். யாருடைய டிபன் டப்பா கண்ணில் பட்டாலும் திறப்பான். யாருடைய ஸ்கூட்டரில் சாவி இருந்தாலும் திருகுவான். கேட்டால், "தோணுச்சு" என்பான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அடுத்தவன் டப்பாவைத் தின்றுவிட்டுத் தன் டப்பாவை அவனிடம் தூக்கிக் கொடுத்துவிடுவான்.

இதைப் பயத்தோடு அவன் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நம்ம பய அப்படித்தாம்ல. தோணுச்சுன்னா செஞ்சிருவான். யோசிச்சிக்கிட்டு நின்னா யாவாரம் ஓடுமா? போன வாரம் சரக்கு எடுக்க ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் விலை கேட்டு முடிக்கதுக்குள்ள மொத்தக் கட்டையும் வண்டியில ஏத்திட்டான். லாபம் வந்துச்சா இல்லையா கேளு."

வந்த லாபத்தைச் சொன்னார். வராத தடவைகளைச் சொல்லவில்லை. ஒரு குணம் கடைக்கு லாபம் கொண்டுவந்தால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். அதே குணம் குளத்துக்கு வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு கார்டு.

இன்னொருவன் ராகவன். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா வக்கீல். பதினேழு வயதிலேயே கிழவனைப் போல நிதானம். தண்ணீரில் இறங்கும் முன் கட்டைவிரலை நனைத்துப் பார்ப்பான், பிறகு முழங்கால், பிறகு நெஞ்சில் தெளித்துக்கொள்வான். பலகை வரிசையில் பின்னால் நிற்கிற சின்னப் பையனுக்குத் தன் முறையைக் கொடுத்துவிட்டு நிற்பான். பாதி நாள் குதிக்காமலே இறங்கிவிடுவான். சட்டையை மடித்து, அதன் மேல் துண்டை மடித்து வைப்பான். விசில் ஊதினால் எடுத்த காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்துவான்.

கஞ்சா முதலில் பிடித்தது தங்கராஜ் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, ராகவன்தான். ஏதோ புத்தகத்தில் படித்துவிட்டு, நாள் பார்த்து, தீர்மானம் செய்து பிடித்தான். தங்கராஜ், ராகவன் கையில் புகைவதைப் பார்த்தான், பிடுங்கி இழுத்தான். அது என்ன என்றே இருமல் நின்ற பிறகுதான் கேட்டானாம். இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகிதர்கள்.

ராகவன் ஒரு நாள் எனக்கே உபதேசம் செய்தான்.

"மாஸ்டர், அதைப் பிடிச்சா மனசு அப்படியே விரியறது. காலம்னு ஒண்ணே இல்லைன்னு தெரியறது. நீங்க தப்பா நினைச்சுண்டிருக்கேள்."

மனசு விரிந்ததை நான் பார்க்கவில்லை. வாய் பிளந்ததைப் பார்த்தேன். புல்தரையில் படுத்துக்கொண்டு ஒரு காக்காயைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தான். அவனுக்குக் காலம் இல்லாமல் போயிருக்கலாம். எனக்கு ஆறு மணி வரை டியூட்டி இருந்தது.

விஷயம் குளத்தை நடத்தும் கிளப்பின் காரியதரிசி காதுக்குப் போனது. அவர் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையரானவர். கமிட்டியைக் கூட்டினார். ஜன்னலுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் சினிமாவால் வந்தது என்றார். ஒருவர் வெள்ளைக்காரத் தாடிகளால் என்றார். ஒருவர் பையன்கள் தலைமுடி காதை மறைக்க ஆரம்பித்ததிலிருந்துதான் எல்லாம் என்றார். பையன்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காப்பியும் பஜ்ஜியும் முடிந்ததும் முடிவெடுத்தார்கள்: வாசலில் கார்டுகள் ஒவ்வொரு பையனையும் ஊதச் சொல்லி மோந்து பார்ப்பது, சட்டைப் பையைச் சோதிப்பது.

கார்டுகள் மொத்தமே இரண்டு பேர். இரண்டு பேரையும் வாசலில் நிறுத்திவிட்டால் தண்ணீரை யார் பார்ப்பது என்று கேட்க நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். காரியதரிசி, "டிசிப்ளின் வேணும்பா, டிசிப்ளின்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டார்.

அந்த ஒரு மாதம் நான் மூக்கால் உத்தியோகம் பார்த்தேன். மோட்டார் மணிக்கு அது நல்ல வேடிக்கை.

"இன்னாபா, மூக்க வாடகைக்கு வுட்டுக்கினியா? நல்லா மோந்து சொல்லு, வக்கீலு வூட்ல இன்னிக்கு இன்னா கொயம்பு?"

ராகவன் பவ்யமாக வாயைத் திறந்து காட்டுவான். "பாருங்கோ மாஸ்டர். கார்த்தால காப்பி. மத்தியானம் ஆத்துல வெங்காய சாம்பார். வேற ஒண்ணும் இல்லை." ஏலக்காயை மென்றுவிட்டு வந்திருப்பான். தங்கராஜ் நான் கேட்பதற்கு முன்பே என் முகத்தில் புஸ்ஸென்று ஊதுவான். ஏலக்காய் மெல்லும் யோசனை எல்லாம் அவனுக்கு வராது. பொட்டலத்தையே மேல் பையில் பேனாவோடு சேர்த்து வைத்துக்கொண்டு வந்தான். இன்னொரு கார்டு எடுத்துக்காட்டினார். "யாருதுடா?" என்று காரியதரிசி கேட்டார். "என்னுதும் அவனுதும்" என்று, ராகவன் அங்கே இல்லாதபோதும், உடனே சொன்னான். பொய் சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டுமே.

இரண்டு பேருக்கும் மூன்று மாதம் குளத்துக்குள் வரக்கூடாது என்று தடை. கமிட்டிக்குப் பரம திருப்தி. வியாதியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். அப்போது நம் குளத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் தண்ணீரைத் திறந்துவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, திங்கட்கிழமை முழுக்கக் கிணற்று மோட்டாரால் நிரப்புவோம். சாயங்காலம்தான் ஓரளவு நிறையும். அன்று விடுமுறை. வாசலில் ஊதச் சொல்ல ஆள் கிடையாது. தடை போட்ட பையன்கள் திங்கட்கிழமை வராமல் வேறு எந்தக் கிழமையில் வருவார்கள்? ஆற்றுப் பக்கத்துச் சுவர் என் தோள் உயரம்தான். கமிட்டியின் மூளைக்கு அந்தச் சுவர் எட்டவில்லை.

மத்தியானம் மூன்று மணி வெயில். மணி டீ குடிக்கப் போயிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் கழுவிக்கொண்டிருந்தேன். புல்தரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ராகவன் மல்லாந்து கிடந்தான். அவன் பக்கத்தில் பீடி போலச் சுருட்டிய ஒன்று புகைந்துகொண்டிருந்தது. தங்கராஜ் வெறும் டிராயரோடு மேல் பலகையின் நுனியில் நின்று பலகையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஆழமான பக்கத்தில் தண்ணீர் அப்போது என் மார்பளவுதான் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் அது தெரியாது, தம்பிகளே. சுத்தமான தண்ணீர் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் மேலேயிருந்து ஒரே மாதிரித்தான் மின்னும். சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள். தலைகீழாகக் குதித்தால் கழுத்து போகும். வேறொரு குளத்தில் அப்படிக் கழுத்து போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. பார்க்கப் போனவர்களிடம், ஈ உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் விரட்டுங்கள் என்பார்.

விசில் என் கழுத்தில் தொங்கியது. கை அதற்குப் போய்விட்டது. ஊதினால் குதிப்பான் என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். கத்தினாலும் அதேதான். ஏணியில் ஏறிப் பிடிக்கலாம் என்றால், நான் இரண்டாவது படியில் கால் வைத்ததுமே துரத்துகிறார்கள் என்று குதித்துவிடுவான்.

காக்கி உடுப்போடு மூலைப் படியில் இறங்கி, தண்ணீருக்குள் நடந்து, பலகைக்குக் கீழே போய் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்தால் ஆழம் இல்லை என்று புரியும் என்பது என் யோசனை.

"மாஸ்டர், தள்ளிக்கோ. நான் வாரேன்," என்றான்.

"தம்பி, தண்ணி எங்க நிக்குது பாரு. நான் தரையில நிக்கிறேன்."

"நல்லா நீந்துறே மாஸ்டர். தள்ளு, தள்ளு."

மேலேயிருந்து பார்ப்பவனுக்கு, நிற்கிறவனும் ஒன்றுதான், காலை உதைத்து மிதக்கிறவனும் ஒன்றுதான். அவன் தோளை இறக்கிக் கைகளைச் சேர்த்தான். இனி விளக்கம் சொல்ல நேரமில்லை. விளக்கம் கேட்கிற ஆளும் அவன் இல்லை. அவனை எதிலிருந்தும் நிறுத்த முடியாது. வேறொன்றின் பக்கம் திருப்பத்தான் முடியும் என்று எனக்கு அந்த நொடியில் தோன்றியது.

"தங்கராசு, மோட்டார் புகையுது பாரு. எரிஞ்சுடும். ஓடு, சுவிட்ச அணை," என்றேன்.

பொய்தான். ஆனால் அதில் ஓடுவது இருந்தது. அவன் திரும்பி, ஏணியில் பாதிப் படிகளை விட்டுவிட்டு இறங்கி, மோட்டார் அறைக்கு ஓடினான். பலகையில் நின்றதே அவனுக்கு மறந்து போயிருக்கும். மோட்டார் நின்றது. குளம் அமைதியாகிவிட்டது.

தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். படியைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். பையனின் குணத்தைப் புரிந்துகொண்டு காப்பாற்றிவிட்டோம், கமிட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரு கர்வம்கூட வந்தது. அந்தக் கர்வத்துக்கு வயசு பத்தடி தூரம்.

பின்னால் பலகை கிறீச்சிட்டது.

ராகவன் பலகையில் நடந்துகொண்டிருந்தான். சட்டைப் பொத்தான்களெல்லாம் போட்டபடி, கோவில் பிராகாரத்தில் நடப்பதுபோல. கட்டைவிரலை நனைக்காமல் குளத்தில் இறங்காத ராகவன். அவன் எழுந்து போவான் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

"இங்கேர்ந்து ரொம்ப நன்னா இருக்கு மாஸ்டர்," என்றான்.

விசிலை ஊதிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பினேன். ராகவன் விசிலுக்கு எப்போதும் நிற்பவன். அன்றும் நின்றான். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். பிறகு, கீழே இன்னொரு படி இருப்பதுபோல, ஒரு காலை எடுத்து வைத்தான்.

நான் தண்ணீரில் பாய்ந்து அவன் இடுப்பைத் தள்ளினேன். அவன் முழங்கால் என் இடது காதில் இடித்தது. அந்தக் காதில் அன்றிலிருந்து சத்தம் கேட்பதில்லை. ரிட்டையராகும் வயசு வரும் முன்பே நான் வேலையை விட்டதற்கும் அதுதான் காரணம். கால் முன்னால் விழுந்ததால் அவன் கழுத்து தப்பியது. இரண்டு குதிகாலும் நொறுங்கின. தண்ணீரில் அவனைத் தூக்கிப் பிடித்தபோது அவனுக்கு வலி இன்னும் வந்து சேரவில்லை. "என்ன மாஸ்டர், தரை இங்கேயே இருக்கே?" என்று கேட்டான். வலி வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டான்.

தங்கராஜ் ஓடிவந்தான். "மோட்டார்ல புகையே இல்லையே மாஸ்டர்" என்று புகார் சொல்ல ஆரம்பித்தவன், ராகவனைப் பார்த்ததும் நிறுத்தினான். நான் வேண்டாம் என்பதற்குள் ஓரத்திலிருந்து இறங்கி ஒரு பக்கம் பிடித்தான். மேலே ஏற்றினோம். அடுத்து டாக்ஸிக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் டிராயரோடு ரோட்டுக்குப் போய், வந்த காருக்குக் குறுக்கே நின்றுவிட்டான். கார்க்காரர் திட்டினார். இவன் கதவைத் திறந்து ராகவனை உள்ளே கிடத்திவிட்டுத்தான் அனுமதி கேட்டான். அந்தக் குணம் அன்று அங்கே உதவியது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு அப்பாக்களும் வந்து நின்றார்கள்.

"எங்காத்துப் பிள்ளை கால் நனைக்காம தண்ணில எறங்க மாட்டான் சார். இந்தக் கடைக்காரர் பிள்ளைதான் இழுத்துண்டு போயிருக்கான். கன்னுக்குட்டி மாதிரி பின்னாலேயே போயிருக்கான்," என்றார் வக்கீல்.

"எங்க பயலுக்குப் பொட்டலம்னா மிளகாய்ப்பொடிப் பொட்டலம்தாம் தெரியும். படிச்ச வீட்டுப் பிள்ளைல்லா இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கு," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

உள்ளே ஒரு பையன் வலியில் கத்திக்கொண்டிருந்தான். வெளியே இன்னொரு பையன் ஈர டிராயரோடு சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். ஒருவர்கூட அவன் தோளில் ஒரு துண்டைப் போடவில்லை. மணிதான், ஓடிவந்த களைப்போடு, தன் தோள் துண்டை எடுத்துப் போட்டான். "அயுவாத நைனா. உன் தோஸ்து கழுத்து நல்லாத்தான் கீது," என்றான்.

கமிட்டி மறுபடி கூடியது. பஜ்ஜி மறுபடி வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கஞ்சா என்று எழுதிவைத்தார்கள். கஞ்சாவைத் தொடுவதற்கு முன்பே தங்கராஜ் ஆழத்தில் குதித்தவன் என்பது அவர்களுக்கு வேண்டாம். ஆனால் தம்பிகளே, குணம்தான் காரணம், கஞ்சா ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வந்தால் நானும் கமிட்டியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்ன வேண்டியவன்தான். ராகவனுக்கு அந்தக் குணமே கிடையாதே. பதினேழு வருஷமாகச் சேர்த்து வைத்த நிதானத்தை ஒரு சுருட்டுப் புகையில் ஊதிவிட்டான். அவசரக்காரனைக் கவனித்தால் போதும் என்று நான் பாடம் வைத்திருந்தேன். அந்தப் பாடத்தை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தபோதுதான் பலகை கிறீச்சிட்டது. ஆளைப் பார்த்து இவன் குதிப்பான், இவன் குதிக்கமாட்டான் என்று தரம் பிரிக்கிற வேலையை அன்றோடு விட்டேன். அது ஜோசியக்காரன் பிழைப்பு.

கமிட்டி ஒரு அறிவிப்புப் பலகை வைத்தது. இங்கிலீஷில், சிவப்பு எழுத்தில், திங்கட்கிழமை குதிக்கக்கூடாது என்று. தங்கராஜ் நின்று படிக்கிறவனா? ராகவன் படித்துவிட்டு அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வான்.

நானும் மணியும் வேறொன்று செய்தோம். அடுத்த ஞாயிறு குளத்தைத் திறந்துவிட்டதும், பலகைக்கு ஏறுகிற ஏணியின் போல்ட்டுகளைக் கழற்றி, ஏணியைத் தூக்கி மோட்டார் அறைக்குள் போட்டுப் பூட்டினோம். செவ்வாய் காலை குளம் நிறைந்த பிறகு மாட்டினோம். காரியதரிசிக்கு அது பிடிக்கவில்லை. "ஏணி இல்லாத பலகை அசிங்கமா இருக்கேப்பா, கெஸ்ட் யாராவது பார்த்தா என்ன நினைப்பா?" என்றார். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறும் கழற்றினேன். அவர் மறுபடி சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறும் கழற்றினேன். கூச்சக்காரனால் எதிர்த்துப் பேசத்தான் முடியாது. செய்துகொண்டே இருக்க முடியும். அவர் களைத்துப் போனார்.

தங்கராஜ் இப்போது அப்பா கடையைப் பார்க்கிறான். கஞ்சாவைச் சீக்கிரமே விட்டுவிட்டானாம். சுருட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லையாம், அவனே சொன்னான். ராகவன் கைத்தடியோடு நடக்கிறான். அவன் இன்னும் பிடிக்கிறான் என்று கேள்வி. மனசு எவ்வளவு விரிந்திருக்கிறதோ தெரியாது. மாடிப்படி மட்டும் ஏற முடிவதில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் மணி ஒரு விஷயம் சொன்னான். நீங்கள் ஏணியைக் கழற்றுவதை நிறுத்திவிட்டீர்களாம். கனமாக இருக்கிறதாம். போல்ட்டில் துரு ஏறிவிட்டதாம். சுவரை உயர்த்தியாகிவிட்டது, இப்போது வருகிற பையன்களெல்லாம் நல்ல பையன்கள், அந்தப் பழைய தொல்லைகள் இல்லை என்று சொன்னீர்களாம். எந்தப் பையன் நல்லவன் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மோந்து பார்த்தீர்களா? கமிட்டிக்காரர்கள் அப்படிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். கரையில் நிற்கிற ஆள் அப்படிப் பேசினால் சிரிப்பு வரவில்லை.

துருவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பெரிய ஸ்பேனர் மோட்டார் அறையில் மணியிடம் இருக்கிறது. ஏணியை ஒரு ஆள் தூக்க முடியாது, இரண்டு பேர் பிடியுங்கள். இந்தக் காகிதங்களை மணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்து மணிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பீர்கள். படித்து முடித்ததும் எழுந்து போய்க் கழற்றுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை
10-9-1978, ஞாயிற்றுக்கிழமை